சூரியனைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்த கண்ணாடி: சன்ரைஸ் பலூன் தொலைநோக்கி

2022 ஜூலை 10. ஸ்வீடனின் வடகோடியில், கிருணா ஊருக்கு வெளியே இருக்கும் எஸ்ரேஞ்ச் ஏவுதளத்திலிருந்து ஒரு ராட்சத ஹீலியம் பலூன் கிளம்பியது. அதன் அடியில் இரண்டு டன்னுக்கு மேல் கனமான ஒரு தொங்குமேடை, அதற்குள் ஒரு மீட்டர் விட்டமுள்ள கண்ணாடியோடு ஒரு சூரியத் தொலைநோக்கி. பல வருட உழைப்பு. பெயர் சன்ரைஸ் மூன்று. பலூன் ஒழுங்காகத்தான் ஏறியது. ஆனால் இயந்திரப் பகுதியில் ஒரு பழுது, தொலைநோக்கியைச் சூரியன் பக்கம் திருப்ப முடியவில்லை. சூரியனைப் பார்க்கவே கட்டிய ஒரு கருவி, சூரியன் எதிரே நிற்கும்போது வேறு திசையைப் பார்த்துக்கொண்டு தொங்கியது.

அப்போது குழுவுக்கு யோசிக்க அதிக நேரம் கிடையாது. மேலே காற்று மேற்கு நோக்கி அடிக்கிறது. பலூன் நார்வே கரையைத் தாண்டிவிட்டால் கீழே கடல்தான், அடுத்த நிலம் கிரீன்லாந்து. பழுது தானாகச் சரியாகிவிடும் என்று நம்பி விட்டுவைக்கலாம், அல்லது நிலத்துக்கு மேல் இருக்கும்போதே இறக்கிவிடலாம். இறக்கினார்கள். கிளம்பிய சில மணி நேரத்தில் ஸ்வீடனின் வடபகுதியிலேயே பாராசூட்டில் இறங்கியது. அதே தொலைநோக்கி பழுது நீக்கப்பட்டு, சரியாக இரண்டு வருடம் கழித்து, 2024 ஜூலை 10 அன்று அதே இடத்திலிருந்து மறுபடி போய், ஆறரை நாள் சூரியனை விடாமல் பார்த்துவிட்டு வந்தது.

பலூன் என்றால் செயற்கைக்கோளுக்குக் காசில்லாதவர்கள் பிடிக்கும் மாற்றுவழி என்று ஒரு பொதுவான எண்ணம் இருக்கிறது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். சன்ரைஸின் நாலு ஏவுதல்களையும் வரிசையாக வைத்துப் படித்த பிறகு அந்த எண்ணம் மாறிவிட்டது. உயரத்துக்குப் போவது மட்டும் பலூனின் பலமாக எனக்குத் தெரியவில்லை. கருவி கைக்குத் திரும்பி வருகிறதே, அதுதான் பெரிய விஷயம். இதே பழுது ஒரு செயற்கைக்கோளில் நடந்திருந்தால் கதை அன்றோடு முடிந்திருக்கும்.

தரையிலிருந்து பார்த்தால் என்ன குறை

மத்தியான வெயிலில் தார்ச்சாலையைப் பார்த்தால் எதிரே வரும் லாரி தண்ணீருக்குள் நெளிவது போலத் தெரியும் இல்லையா, சூரியத் தொலைநோக்கிகளுக்கும் அதே சிக்கல்தான். சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலந்து புரள, ஒளி வளைந்து வளைந்து வருகிறது. இரவு வானத்தைப் பார்ப்பவர்களுக்காவது தரை ஆறிப்போயிருக்கும். சூரியனைப் பார்ப்பவர்களோ தரை காயும் நேரத்தில்தான் வேலை செய்தாக வேண்டும். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் காலை நேரப் பதிவுகள்தான் தெளிவாக இருக்கும் என்பதற்கும் காரணம் இதுதான்.

எவ்வளவு கலங்குகிறது என்று எண்ணில் சொல்கிறேன். ஒரு பாகைக் கோணத்தை 3600 ஆகப் பிரித்தால் வருவது ஒரு வில்விநாடி. சூரியன் மேல் அது ஏறக்குறைய 725 கிலோமீட்டர். சாதாரண நாளில் காற்று படத்தை அந்த அளவுக்குக் கலக்கிவிடும். சூரியனின் மேற்பரப்பு கொதிக்கும் கஞ்சி மாதிரி ஓயாமல் குமிழ்கிறது: சூடான வாயு மேலே வந்து, பரவி, ஆறி, ஓரங்களில் கீழே இறங்குகிறது. படத்தில் ஒவ்வொரு குமிழும் அரிசிக் குருணை போலத் தெரிவதால் குருணை என்றே சொல்கிறேன். ஒரு குருணையின் அகலம் ஆயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், ஆயுள் ஐந்து முதல் பத்து நிமிடம். ஆனால் ஆராய்ச்சிக்காரர்களுக்கு வேண்டியது குருணை இல்லை, குருணைகளுக்கு நடுவே ஓடும் இருண்ட சந்துகள். காந்தப்புலம் அங்கேதான் ஒடுங்கி, நூறு கிலோமீட்டர் அகலத் துணுக்குகளாகக் கிடக்கிறது. 725 கிலோமீட்டர் கலக்கத்தில் அது எப்படித் தெரியும்?

இப்போது தரையில் தகவமைப்பு ஒளியியல் இருக்கிறது, வளையும் கண்ணாடியை விநாடிக்குப் பல நூறு முறை அசைத்து அந்தக் கலக்கத்தை நேராக்குகிறார்கள். ஹவாயில் உள்ள நான்கு மீட்டர் இனோயே தொலைநோக்கியின் படங்கள் மூச்சை நிறுத்துபவை, அதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் அந்தத் திருத்தம் பார்வைப் பரப்பின் நடுவில் நன்றாக இருக்கும், ஓரத்துக்குப் போகப் போகக் குறையும், காற்று நல்லபடி இருக்கும் நேரத்தில்தான் முழுப் பலன் தரும். அப்புறம் புற ஊதா ஒளி. அதில் 300 நானோமீட்டருக்குக் கீழே உள்ளதை ஓசோன் விழுங்கிவிடுகிறது. எவ்வளவு பெரிய தொலைநோக்கி கட்டினாலும் தரைக்கு வராத ஒளியைப் பிடிக்க முடியாது.

மூன்றாவது ஒன்று இருக்கிறது, அதிகம் பேசப்படாதது. சூரியனின் காந்தப்புலத்தை அளக்க நேரடி வழி இல்லை. காந்தப்புலம் இரும்பு அணுவின் நிறமாலைக் கோட்டைப் பிளக்கும் (ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால், அந்த அணு விழுங்கிய நிறத்தில் தெரியும் இருண்ட கோடு அது), பிளந்த பாகங்களின் ஒளி வேறு வேறு விதமாக முனைவாக்கம் அடைந்திருக்கும், அதாவது ஒளி அலை அதிரும் விதம் மாறியிருக்கும். ஆகவே ஒரே இடத்தை முனைவாக்க வடிகட்டியை மாற்றி மாற்றி அடுத்தடுத்துப் படமெடுத்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிப்பார்கள். கழித்தால் மிஞ்சுவது ஆயிரத்தில் சில பங்குதான், பல இடங்களில் அதைவிடவும் குறைவு. இரண்டு படங்களுக்கு நடுவே காற்று படத்தை ஒரு துளி அசைத்துவிட்டால் போதும், இல்லாத காந்தப்புலம் இருப்பதாகக் கணக்கு வரும், இருப்பது கரைந்து போகும். காற்றே இல்லாத இடத்துக்குப் போக வேண்டும் என்ற பிடிவாதம் இதிலிருந்துதான் வருகிறது.

35 கிலோமீட்டர் உயரத்தில் வளிமண்டலத்தின் 99 சதவீதத்துக்கு மேல் காலடியில் இருக்கும். ஓசோனில் பெரும்பகுதியும் கீழேதான்.

முன்னே போனவர்கள்

இந்த யோசனை பழையது. 1957-இல் பிரான்ஸிலிருந்து ஓடுவான் டோல்ஃபுஸும் பிளாக்வெல், டியூஹர்ஸ்ட் ஆகிய ஆங்கிலேய வானியலாளர்களும் ஆளேறும் பலூனில் தொலைநோக்கி வைத்துக் குருணைகளைப் படமெடுத்தார்கள். அதே வருடம் அமெரிக்காவில் பிரின்ஸ்டனின் மார்ட்டின் ஷ்வார்ட்ஸ்சைல்ட் ஸ்ட்ராட்டோஸ்கோப் ஒன்று என்ற 30 சென்டிமீட்டர் தொலைநோக்கியை ஆளில்லாமல் ஏறக்குறைய 25 கிலோமீட்டருக்கு அனுப்பினார். குருணைகளின் கூரான விளிம்புகள் முதன்முறையாக அவ்வளவு சுத்தமாகத் தெரிந்தது அந்தப் படங்களில்தான். 1959-இல் மறுபடி போனபோது தொலைக்காட்சிக் கேமரா பொருத்தி, கீழே உட்கார்ந்தபடியே எங்கே பார்ப்பது, குவியம் சரியா என்று பார்த்துத் திருத்தினார்கள். அந்தக் காலத்தில் இதைச் செய்திருக்கிறார்கள் என்பதை நினைக்க நினைக்க எனக்கு ஆச்சரியம் அடங்குவதில்லை. பிறகு 1996, 2000 ஜனவரி மாதங்களில் ஃப்ளேர் ஜெனிசிஸ் என்ற 80 சென்டிமீட்டர் தொலைநோக்கி அன்டார்க்டிகா மேல் பறந்தது. அதற்கும் பகல் முடியாத வானம்தான் தேவைப்பட்டது.

ஏன் கிருணா, ஏன் கோடை

கிருணா ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே இருக்கிறது. ஜூனிலும் ஜூலை நடுவரையிலும் சூரியன் மறையாது. இதனால் இரண்டு லாபம். இருபத்துநான்கு மணி நேரமும் சூரியனைப் பார்க்கலாம் என்பது எல்லோருக்கும் உடனே புரிவது. இரண்டாவது பலூனுக்கு: இந்த வகைப் பலூன் கீழே திறந்தது, உள்ளே அழுத்தம் சேராது. பகலில் வாயு சூடாகி விரிந்தால் மிச்சம் வெளியே போய்விடும், இரவில் குளிர்ந்து சுருங்கினால் பலூன் கீழே இறங்கும், அப்போது பாரமாக வைத்திருக்கும் இரும்புக் குண்டுகளைக் கொட்டித்தான் உயரத்தைப் பிடித்துவைக்க வேண்டும். தினமும் இரவு வந்தால் சில நாளில் கொட்டப் பாரம் இருக்காது. இரவே வராத இடத்தில் பலூன் நாள் முழுக்கச் சில கிலோமீட்டர் ஏற்ற இறக்கத்தோடு 33 முதல் 37 கிலோமீட்டர் உயரத்திலேயே நிற்கும்.

கோடையில் அடுக்கு மண்டலக் காற்று வட துருவத்தைச் சுற்றிக் கிழக்கிலிருந்து மேற்காக நிதானமாக வீசும். ஆகவே கிருணாவில் விட்டால் நார்வே கடல், கிரீன்லாந்து, கனடா என்று தானாகவே போகும். இயந்திரம் கிடையாது, சுக்கான் கிடையாது. காற்று விட்டால் அப்படியே ரஷ்யாவைச் சுற்றிக் கிருணாவுக்கே திரும்பலாம், ஆனால் ரஷ்ய வான்வெளியில் பறக்க அனுமதி இல்லாததால் கனடாவிலேயே இறக்க வேண்டியிருந்தது. ஆறு நாள் என்ற கணக்கு அப்படி வந்ததுதான். கருவிக்கு இன்னும் உயிர் இருக்கும், நிலம் தீர்ந்துவிடும்.

ஏவும் காட்சி தனி. தரையில் பலூனின் உச்சிப் பகுதியில் மட்டும் ஹீலியம் நிரப்புவார்கள். பாக்கி முழுவதும் நீளமாகத் தரையில் மடிந்து கிடக்கும், தடிமன் மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு, நம் கடைப் பைகளைவிட மெல்லிசு. மேலே காற்றழுத்தம் தரையில் உள்ளதில் இருநூறில் ஒரு பங்குதான், அதனால் அந்தக் கொஞ்ச ஹீலியமே விரிந்து பத்து லட்சம் கனமீட்டர் அளவுக்குப் பலூனை உப்ப வைத்துவிடும். முழுக்க விரிந்த பலூனின் விட்டம் சுமார் 130 மீட்டர். இவ்வளவு பெரிய மெல்லிய தாளைத் தரையில் விரித்து வைத்திருக்கும்போது காற்று கொஞ்சம் வேகமாக அடித்தாலும் கிழியும். அதனால் குழுக்கள் வாரக்கணக்கில் காத்திருக்கும், எல்லாம் தயாராகிக் கடைசி நேரத்தில் இன்று வேண்டாம் என்று மூடி வைப்பதும் சகஜம்.

கண்ணாடி, வெப்பம், ஊசல்

சன்ரைஸை நடத்துவது ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் சூரிய மண்டல ஆராய்ச்சி நிறுவனம், தலைமை ஆய்வாளர் சாமி சோலங்கி. ஃப்ரைபுர்க் சூரிய இயற்பியல் நிறுவனம், அமெரிக்காவின் ஹை ஆல்டிட்யூட் ஆய்வகம், ஸ்பெயின் நாட்டு நிறுவனங்கள், மூன்றாம் பயணத்தில் ஜப்பானின் தேசிய வானியல் ஆய்வகமும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பயன்பாட்டு இயற்பியல் ஆய்வகமும் என்று பல கைகள். பலூனைப் பறக்கவிடுவது நாசாவின் பலூன் பிரிவு.

ஒரு மீட்டர் கண்ணாடியைச் சூரியன் பக்கம் திருப்பினால் என்ன ஆகும் என்று கொஞ்சம் கணக்குப் போடுவோம். வளிமண்டலத்துக்கு மேலே ஒரு சதுர மீட்டரில் விழும் சூரிய ஆற்றல் ஏறக்குறைய 1360 வாட். ஒரு மீட்டர் விட்டமுள்ள கண்ணாடியின் பரப்பு முக்கால் சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஆக ஆயிரம் வாட்டுக்கு மேல், ஒரு மின்சார இஸ்திரிப் பெட்டியின் சூடு, இரண்டு சென்டிமீட்டர் சொச்சம் அகலமுள்ள ஒரு சூரிய பிம்பமாகக் குவிகிறது. சின்ன வயதில் பூதக்கண்ணாடியால் காகிதம் எரித்த எவருக்கும் அது என்னவென்று தெரியும். அந்தக் குவியத்தில் ஒரு சாய்ந்த கண்ணாடியும் அதன் நடுவில் சில மில்லிமீட்டர் துளையும் வைத்திருக்கிறார்கள். சூரிய பிம்பத்தின் ஒரு சின்னத் துண்டு மட்டும் துளை வழியே உள்ளே போகும், பாக்கி 99 சதவீத ஒளியும் பக்கவாட்டில் திருப்பி வெளியே எறியப்படும். இரண்டாம் கண்ணாடி இந்தக் குவியத்தைத் தாண்டித்தான் இருக்கிறது, அதனால்தான் இந்த ஏற்பாடு முடிகிறது. கிரிகோரி வகைத் தொலைநோக்கியைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுவே காரணம்.

மிச்சம் தங்கும் சூட்டை என்ன செய்வது? தரையில் என்றால் விசிறி வைக்கலாம். 35 கிலோமீட்டரில் விசிறி சுற்றினால் தள்ளுவதற்குக் காற்று இல்லை. குழாய்கள் வழியே வெப்பத்தை ஒரு தகட்டுக்குக் கொண்டுபோய், அந்தத் தகடு இருண்ட வானத்தைப் பார்த்துக் கதிர்வீசித்தான் ஆற வேண்டும். போகும் வழியிலோ மைனஸ் 50 டிகிரி அளவுக் குளிரைக் கடந்தாக வேண்டும். ஒரு பக்கம் உறைய வேண்டாம், மறுபக்கம் வேக வேண்டாம்.

பதிவு வட்டுகளின் கதையும் இப்படித்தான். 2009-இல் பறந்தவை சுழலும் வன்வட்டுகள். அவற்றில் படிக்கும் முனை வட்டைத் தொடாமல் ஒரு மெல்லிய காற்றுப் படலத்தின் மேல் மிதக்கும், காற்று இல்லையென்றால் உராய்ந்து எல்லாம் போச்சு. அதனால் வட்டுகளைக் காற்று அடைத்த கலன்களுக்குள் பூட்டி அனுப்பினார்கள்.

கடினமான பகுதி இலக்கைப் பிடித்து நிற்பது. தொங்குமேடை பலூனுக்குக் கீழே நீண்ட சரத்தில் தொங்குகிறது, நூறு மீட்டர் ஊசல் என்று வைத்துக்கொண்டால் ஒரு ஆட்டத்துக்கு இருபது விநாடி. பலூன் தன் பங்குக்கு மெதுவாகச் சுழலும். இந்த ஆட்டத்துக்கு நடுவே தொலைநோக்கி பத்தில் ஒரு வில்விநாடியைவிட நுண்ணியதாக ஒரே இடத்தைப் பிடித்திருக்க வேண்டும். பத்தில் ஒரு வில்விநாடி என்றால் 50 கிலோமீட்டர் தள்ளி வைத்த ஒரு நாணயத்தின் அகலம். முதலில் மேடையையே சுழல் சக்கரங்களும் மோட்டார்களும் சூரியன் பக்கம் திருப்பி வைக்கின்றன. பிறகு உள்ளே ஒரு சிறிய சாயும் கண்ணாடி. ஒரு கேமரா குருணைகளின் அமைப்பைத் திரும்பத் திரும்பப் படமெடுத்து, முந்தைய படத்தோடு ஒப்பிட்டு, எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்து, அந்தக் கண்ணாடியை விநாடிக்குப் பல நூறு முறை எதிர்ப்பக்கம் சாய்க்கிறது. சூரியனின் மேல் அடையாளம் வைக்க நட்சத்திரம் ஒன்றும் இல்லை, கொதிக்கும் அந்தப் பரப்பின் தோற்றத்தையே பிடிமானமாக வைத்துக்கொண்டார்கள். இந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

2009, 2013

முதல் பயணம் 2009 ஜூன் 8 அன்று தொடங்கி ஏறக்குறைய ஆறு நாளில் கனடாவின் சாமர்செட் தீவில் முடிந்தது. சூரியன் அப்போது அசாதாரணமான அமைதியில் இருந்தது, அந்த வருடத்தில் ஏறக்குறைய 260 நாள் ஒரு கரும்புள்ளிகூட இல்லை. பெரிய காட்சிகளுக்கு ஆசைப்பட்டவர்களுக்கு ஏமாற்றமாக இருந்திருக்கலாம். அமைதியான சூரியனைத் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல நேரம் அமைந்திருக்காது.

இரண்டு கருவிகள் இருந்தன. சூஃபி என்பது புற ஊதாப் படக்கருவி, 214 நானோமீட்டர் வரை கீழே போகும். ஐமாக்ஸ் என்பது இரும்பின் 525.02 நானோமீட்டர் கோட்டை வைத்துக் காந்தப்புலத்தை வரைபடமாக்குவது. அதன் கூர்மை சூரியன் மேல் நூறு கிலோமீட்டர் அளவு. அதற்கு முன்னால் விண்வெளியில் இருந்த சிறந்த கருவி ஜப்பானின் ஹினோடே செயற்கைக்கோள், அதன் தொலைநோக்கி அரை மீட்டர்தான்.

முடிவுகளில் மூன்றைச் சொல்கிறேன். குருணைச் சந்துகளில் ஆயிரம் காஸுக்கு மேல் வலுவான காந்தக் குழாய்கள் இருக்கும் என்று பல காலமாகச் சொல்லிவந்தார்கள் (காஸ் என்பது காந்தப்புல வலுவின் அலகு, பூமியின் காந்தப்புலம் அரை காஸ் அளவு). ஆனால் அது ஊகம் கலந்த கணக்கு: கலங்கிய படத்தில் கொஞ்சம் காந்தம், நிறைய வெறுமை இருப்பதாக வைத்துக்கொண்டு பிரித்தெடுத்த எண். ஐமாக்ஸில் அந்தப் பிரிப்பே தேவைப்படவில்லை, குழாய் தனியாகவே தெரிந்தது, வலுவும் ஆயிரம் காஸைத் தாண்டியே வந்தது. அடுத்து, 214 நானோமீட்டரில் பார்த்தபோது அந்தக் குழாய்கள் நிற்கும் இடங்கள் சுற்றுப்புறத்தின் சராசரியைவிட ஐந்து மடங்கு வரை பிரகாசித்தன. சாதாரண ஒளியில் இந்த வேறுபாடு இவ்வளவு இல்லை. சூரியனின் புற ஊதா ஒளி கூடிக் குறைவது பூமியின் மேல்வளிமண்டல ஓசோனைத் தொடும் விஷயம், அதனால் அந்த ஒளி எங்கிருந்து வருகிறது என்பதற்கு இது நேரடிச் சான்று. மூன்றாவதைக் கடைசியில் சொல்கிறேன்.

இரண்டாம் பயணம் 2013 ஜூன் 12 முதல் 17 வரை. இந்த முறை சூரியன் சுறுசுறுப்பாக இருந்தது, 11768 என்று எண்ணிட்ட செயல்பாட்டுப் பகுதி, அதாவது காந்தப்புலம் வலுவாகத் திரண்ட ஒரு பகுதி, பார்வைக்குள் கிடைத்தது. சூரியனின் வெளி வளிமண்டலமான கரோனாவில் வளைவு வளைவாக ஒளிரும் பல லட்சம் டிகிரிச் சுருள்களின் காலடி எப்படி இருக்கிறது என்று பார்த்தார்கள். அதுவரை எல்லோரும் நினைத்திருந்தது ஒரு காலடியில் ஒரே துருவம், மறு காலடியில் எதிர்த் துருவம் என்பதே. சன்ரைஸின் கூர்மையில், பெரிய துருவத்தின் ஓரத்திலேயே பொடிப்பொடியாக எதிர்த் துருவத் துணுக்குகள் ஒட்டிக்கொண்டு, மோதி, ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருந்தன. கரோனா சூடாவதற்குத் தேவையான ஆற்றலில் ஒரு பங்கு அடியில் நடக்கும் இந்தச் சின்னச் சண்டைகளிலிருந்து வரலாம் என்ற வாதத்துக்கு இது வலு சேர்த்தது.

அந்தப் பயணம் முடிந்தது கனடாவின் பூதியா தீபகற்பத்தில். 1831-இல் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் பூமியின் வட காந்த முனையைக் கண்டறிந்ததும் அதே தீபகற்பத்தில்தான். சூரியனின் காந்தத்தை அளந்த கருவியைக் காற்று அங்கே கொண்டுபோய் இறக்கியது.

2022-இலிருந்து 2024 வரை

மூன்றாம் பயணத்துக்குக் கண்ணாடியும் தொலைநோக்கியும் பழையவை, அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் புதியவை. முதல் இரண்டு பயணங்களின் அனுபவத்தை வைத்துப் புதிய தொங்குமேடையும் கட்டினார்கள், நீண்ட நேரம் பிடி நழுவாமல் ஒரே இடத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்காக. கருவிகள் மூன்று. சூசி 309 முதல் 417 நானோமீட்டர் வரை, நிறமாலைக் கோடுகள் நெருக்கியடித்துக் கிடக்கும் புற ஊதாப் பகுதியைப் பார்க்கும். ஜப்பான் கட்டிய ஸ்கிப் 770, 850 நானோமீட்டர் பக்கத்து அகச்சிவப்பை எடுத்துக்கொண்டது. ஸ்பெயினின் டூமேக் 525 நானோமீட்டர் இரும்புக் கோடுகளையும் 517 நானோமீட்டர் மெக்னீசியக் கோட்டையும்.

ஏன் இத்தனை கோடுகள்? ஒவ்வொரு கோடும் சூரிய வளிமண்டலத்தின் ஒவ்வொரு உயரத்திலிருந்து வருகிறது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் அளந்தால் கண்ணுக்குத் தெரியும் பரப்பான ஒளிமண்டலத்திலிருந்து அதற்கு மேலே உள்ள நிறமண்டலம் வரை, ஏறக்குறைய இரண்டாயிரம் கிலோமீட்டர் தடிமனுக்கு, வெப்பமும் ஓட்டமும் காந்தமும் மாடி மாடியாகத் தெரியும். கீழே 5500 டிகிரி, மேலே போகப் போகக் கூடுகிறது, கரோனாவில் பத்து லட்சத்தைத் தாண்டுகிறது. அடுப்பை விட்டு விலக விலகச் சூடு ஏறும் அந்தப் புதிரை எந்த மாடியில் தேட வேண்டும் என்பதற்கு இந்த வகை அளவீடு அவசியம்.

இந்தியாவின் ஆதித்யா எல்1 விண்கலத்தில் இருக்கும் சூட் தொலைநோக்கியும் 200 முதல் 400 நானோமீட்டர் வரை பார்க்கிறதே, பிறகு இது எதற்கு என்று கேட்கலாம். சூட் சூரியனின் முழு வட்டத்தையும் நாள்தோறும் படமெடுக்கும். சூசி ஒரு சின்னத் துண்டை மட்டும் எடுத்து, அதன் ஒளியைக் கோடு கோடாகப் பிரித்து, முனைவாக்கத்தையும் அளக்கும். ஒன்று தெருவையே பார்க்கிறது, மற்றது ஒரு வீட்டுக்குள் போய்ச் சுவரைத் தட்டிப் பார்க்கிறது. இரண்டும் வேண்டும்.

இவ்வளவையும் ஏற்றிக்கொண்டு போனதுதான் 2022-இல் பாதியில் இறங்கியது. அந்தக் குழுவில் இருந்தவர்களுக்கு அன்றைய இரவு எப்படி இருந்திருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். ஆனால் கருவி கையில் இருந்தது. பிரித்துப் பார்த்து, பழுது நீக்கி, சோதித்து, மறுபடி கிருணாவுக்குக் கொண்டுவர இரண்டு வருடம் பிடித்தது. 2024-இலும் வாரக்கணக்கில் காற்றுக்காகக் காத்திருந்து, ஜூலை 10 அன்று விட்டார்கள். தொலைநோக்கி திரும்பியது, சூரியன் சிக்கியது. அந்த இரண்டு வருடத்தில் சூரியனும் தன் சுழற்சியின் உச்சத்துக்கு நெருங்கியிருந்ததால் பார்க்க வேண்டியதற்குப் பஞ்சமே இல்லை. தாமதம் லாபமாக முடிந்தது என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, இரண்டு வருடம் என்பது ஒரு இளம் ஆய்வாளரின் முனைவர் பட்டக் காலத்தில் பாதி. கிடைத்தது நல்ல சூரியன் என்பது மட்டும் உண்மை.

இறங்குவது

பதிவுகளை மேலிருந்து அனுப்பிவிடலாமே என்று தோன்றும். ஏவிய முதல் சில மணி நேரம் எஸ்ரேஞ்சின் நேர்ப்பார்வைக்குள் இருக்கும்வரை வேகமான இணைப்பு கிடைக்கும். அடிவானத்தைத் தாண்டிவிட்டால் செயற்கைக்கோள் வழிதான், அதில் கருவியின் நலமும் மாதிரிக்குச் சில படங்களும் வரும், மொத்தப் பதிவு வராது. ஆகவே ஆறு நாள் வேலையும் தொங்குமேடைக்குள் இருக்கும் வட்டுகளில் மட்டுமே இருக்கிறது. இறங்குவதில் தப்பு நடந்தால் பார்த்ததெல்லாம் பார்க்காததாகிவிடும்.

இறக்க ரேடியோவில் ஒரு கட்டளை. சரம் அறுபடும், பலூன் கிழியும், தொங்குமேடை பாராசூட்டில் வரும். மேடையின் அடியில் தேன்கூடு போலக் கண் கண்ணாக அமைந்த அட்டைத் திண்டுகள் கட்டியிருப்பார்கள், தரையில் மோதும்போது அவை நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். கோடி கோடியாகச் செலவழித்த ஒளியியலைக் காப்பாற்றுவது கடைசியில் நசுங்கும் அட்டை. இறங்கிய பிறகும் நிம்மதி கிடையாது, காற்று பாராசூட்டைப் பிடித்துக்கொண்டால் மேடையைத் தரையோடு தரையாக இழுத்துக்கொண்டு போய்விடும்.

2024 ஜூலை 16 அன்று கனடாவின் வடமேற்கு நிலப்பகுதியில், கிரேட் பேர் ஏரிக்கும் கிரேட் ஸ்லேவ் ஏரிக்கும் நடுவே சன்ரைஸ் மூன்று இறங்கியது. சாலை கிடையாது, ஹெலிகாப்டரில் போய்த்தான் மீட்க வேண்டும். முதலில் எடுப்பது வட்டுகளை.

முன்னே சொல்லாமல் விட்ட மூன்றாவது முடிவு இதுதான். அமைதியான சூரியனில் ஒவ்வொரு நாளும் எவ்வளவு காந்தப்பாயம் (ஒரு பரப்பின் வழியே போகும் மொத்தக் காந்தப்புலம்) புதிதாக மேலே வருகிறது என்று கணக்கிட்டபோது, ஹினோடேவை வைத்து அதே முறையில் சொல்லப்பட்டதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு அதிகம் வந்தது. ஹினோடேவின் கண்ணுக்குச் சிக்காத பொடித் துணுக்குகள்தான் அந்த மிச்சம் முழுவதும். 2009-இன் வட்டுகளில் இருந்த பதிவு அது. கணக்கு வெளிவந்தது 2017-இல். 2024-இன் வட்டுகளை இப்போதுதான் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.